பேரிடரில் ஹாம் ரேடியோ: கையில் ஒரு வாக்கிடாக்கி இருந்தால் போதுமா?

கேள்வி இதுதான்: புயலோ வெள்ளமோ நிலநடுக்கமோ வந்து செல்போனும் இணையமும் அறுந்துபோனால் ஹாம் ரேடியோ (உரிமம் பெற்ற தனிநபர்கள் பொழுதுபோக்காக இயக்கும் அமெச்சூர் வானொலி) கைகொடுக்கும் என்கிறார்கள். ஒரு வாக்கிடாக்கி வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டால் போதுமா? எவ்வளவு தூரம் பேசலாம்? வேறு என்னென்ன வேண்டும்?

போதாது. இந்த வேலையில் ரேடியோதான் எளிதான பகுதி, காசு கொடுத்தால் கிடைத்துவிடும். ஆட்கள் சறுக்குவது மூன்று இடங்களில்: ஆன்டெனா, மின்சாரம், செய்தியைப் பிசகில்லாமல் கைமாற்றும் பழக்கம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், மற்றதெல்லாம் படுத்துவிடும்போது இது மட்டும் ஏன் நிற்கிறது என்று பார்க்கலாம். செல்போனில் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டாலும் அந்த அழைப்பு ஒரு கோபுரம், அதன் பேட்டரி, அங்கிருந்து போகும் ஃபைபர் கேபிள், எங்கோ இருக்கும் சுவிட்ச் ஆகிய எல்லாவற்றையும் தொட்டுத்தான் திரும்புகிறது. அதில் ஒன்று போனாலும் எல்லாம் போச்சு. இரண்டு ஹாம் நிலையங்களுக்கு நடுவே காற்றையும், வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பும் மேல்வளிமண்டல அடுக்கான அயனி மண்டலத்தையும் தவிர வேறு எதுவும் கிடையாது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு ஒன்று வேறொரு வானொலிப் பயணமாக போர்ட் பிளேரில் இருந்தது. அந்தமானிலிருந்து நிலப்பகுதிக்குத் தகவல் போய்ச்சேர அவர்களுடைய நிலையம் பெரிய உதவியாக இருந்தது. கவனியுங்கள்: ஆன்டெனா ஏற்கெனவே மேலே நின்றது, இயக்குபவர்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார்கள். அன்று காலை பெட்டியைப் பிரித்து ஆரம்பித்திருந்தால் கதை வேறு.

உரிமம் பற்றிச் சுருக்கமாக. ஒலிபரப்பத் தேர்வெழுதி உரிமம் வாங்க வேண்டும். ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் அப்படித்தான். "ஆபத்துக்குப் பாவமில்லை" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சட்டத்தை விடுங்கள், பயிற்சியில்லாத ஒருவர் நெரிசலான அலைவரிசையில் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டால் வேறொருவருடைய ஆம்புலன்ஸ் செய்தி அடிபட்டுப்போகும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிகளில் 2003-ல் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது: பேரிடர் உதவிக்கு அமெச்சூர் நிலையங்கள் முன்கூட்டியே தயாராவதற்கு அரசுகள் வழிசெய்ய வேண்டும் என்று அது ஊக்குவிக்கிறது. "முன்கூட்டியே" என்பதுதான் அதில் முக்கியமான சொல்.

இப்போது தூரம். கையில் பிடிக்கும் ஹேண்டி (வாக்கிடாக்கியை ஹாம்கள் இப்படித்தான் அழைப்பார்கள்) 144–146 மெகாஹெர்ட்ஸிலோ 430 மெகாஹெர்ட்ஸை ஒட்டியோ வேலை செய்யும். இந்த அலைகள் ஏறக்குறைய பார்வைக் கோட்டில் போகின்றன. கிலோமீட்டரில் தூரம் வேண்டுமானால் இரு ஆன்டெனாக்களின் உயரத்தை மீட்டரில் எடுத்து, இரண்டின் வர்க்கமூலத்தையும் கூட்டி 4.12-ஆல் பெருக்குங்கள். ஆளுக்கு 1.5 மீட்டர் உயரத்தில் பிடித்திருந்தால் 10 கிலோமீட்டர் வரும். அது மேடுபள்ளமில்லாத வெட்டவெளிக் கணக்கு. கட்டடங்களுக்கு நடுவே 1 முதல் 3 கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிது. ஒருவர் மட்டும் ஆன்டெனாவை 20 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனால் கணக்கு 23 கிலோமீட்டருக்கு மேல் ஏறிவிடும். வாட்டைக் கூட்டுவதைவிட உயரத்தைக் கூட்டுவதுதான் லாபம். அதோடு ஹேண்டியுடன் வரும் குட்டி ரப்பர் ஆன்டெனா பாதி சக்தியை விழுங்கிவிடும். கால் அலைநீளக் கம்பி ஒன்று (145 மெகாஹெர்ட்ஸுக்கு 49 சென்டிமீட்டர்) மாட்டினாலே வித்தியாசம் தெரியும்.

மேலே ஏற்றிவிட்டு மெல்லிய கேபிளில் கோட்டைவிடுவது அடுத்த தப்பு. ஆர்ஜி-58 என்ற மெல்லிய கோஆக்ஸ் கேபிள் (நடுவில் உள்கம்பி, சுற்றிலும் வலை) 30 மீட்டர் இழுத்தால் 145 மெகாஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 6 டெசிபெல் இழப்பு. 50 வாட் ரேடியோவிலிருந்து ஆன்டெனாவுக்குப் போய்ச்சேர்வது 12 வாட்தான், மீதி கேபிளைச் சூடாக்குகிறது. அதே கேபிள் 7 மெகாஹெர்ட்ஸில் தாராளமாகப் போதும், இழப்பு 1 டெசிபெல் சொச்சம். இணைப்பிகளில் மழைநீர் இறங்கினால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். சாதாரண மின்டேப் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

வரும் குரலை வாங்கி உயரத்திலிருந்து மறுபடி ஒலிபரப்பும் ரிப்பீட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கும்வரை நல்லது. அது மலை உச்சியிலோ உயரமான கட்டடத்திலோ உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் மின்சாரம் வேண்டும், அதன் ஆன்டெனாவையும் புயல் விட்டுவைக்காது. இணையம் வழியே ரிப்பீட்டர்களைக் கோக்கும் அமைப்புகள் இணையத்தோடு சேர்ந்தே சாகும். அதனால் உங்கள் குழுவுக்கு இரண்டு மூன்று நேரடி அலைவரிசைகளை (ரிப்பீட்டர் இல்லாமல் ஒருவருக்கொருவர் பேசுபவை), ரிப்பீட்டரைத் திறக்கச் சேர்க்கும் டோன் இல்லாமல், எல்லோருடைய ஹேண்டியிலும் ஒரே வரிசை எண்ணில் பதிந்து வையுங்கள். "சேனல் 3-க்கு வாருங்கள்" என்றால் எல்லோரும் ஒரே இடத்துக்கு வர வேண்டும். இன்னொரு பழக்கம்: ரிப்பீட்டரில் பேசிக்கொண்டிருக்கும்போதே ரிவர்ஸ் பட்டனை அழுத்தி, எதிராளியை அவருடைய ஒலிபரப்பு அலைவரிசையிலேயே நேரடியாகக் கேட்க முடிகிறதா என்று பாருங்கள். கேட்டால் ரிப்பீட்டரை விட்டு விலகிவிடலாம்.

பேரிடரில் உண்மையான தேவை பெரும்பாலும் 30-லிருந்து 400 கிலோமீட்டருக்குள் இருக்கும்: பாதிக்கப்பட்ட பகுதியிலிருந்து, மின்சாரமும் சாலையும் உள்ள அடுத்த பெரிய ஊர் வரை. ஹேண்டிக்கு அது எட்டாது. 14 மெகாஹெர்ட்ஸ் சிற்றலையோ (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை சிற்றலை) அயனி மண்டலத்தில் பட்டு, தலைக்கு மேலே தாண்டிக் குதித்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் விழும். புதிதாக வருபவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். வேற்றுக் கண்டத்துக்காரர் தெளிவாகக் கேட்பார், 150 கிலோமீட்டரில் இருப்பவர் கேட்கவே மாட்டார். இந்த ஊமை வளையத்தை நிரப்பும் வழி, அலையை நேராக வானத்தைப் பார்த்து அனுப்பி மழைபோலத் திரும்ப விழவைப்பது. ஹாம்கள் இதை என்விஸ் என்பார்கள். இதற்கு விலையுயர்ந்த எதுவும் வேண்டாம். தாழ்வாகக் கட்டிய கம்பி டைபோல் (நடுவில் கேபிள் இணைத்து இரு பக்கமும் சம நீளக் கம்பி நீளும் ஆன்டெனா) ஒன்று போதும். உயரமாகக் கட்டினால்தான் நல்லது என்ற பொதுப்புத்தி இங்கே உதவாது.

7.1 மெகாஹெர்ட்ஸுக்கான டைபோலைப் பார்ப்போம். மொத்த நீளம் மீட்டரில்: 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்க வேண்டும், 20.1 மீட்டர் வரும். வீட்டு வயரிங்குக்கான 1.5 சதுர மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உறைக் கம்பியே போதும். பக்கத்துக்கு 10.5 மீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். நடுவில் கோஆக்ஸின் உள்கம்பியை ஒரு பக்கமும் வலையை மறுபக்கமும் இணைத்து, இழுவிசை கம்பியில் விழாமல் ஒரு பிளாஸ்டிக் துண்டில் கட்டுங்கள். நடுப்பகுதியை 6 மீட்டர் கம்பத்தில் ஏற்றி இரு முனைகளையும் சரிவாக இறக்கிக் கயிற்றால் கட்டினால் கவிழ்த்த வி வடிவம் வரும், ஒரே கம்பத்தில் வேலை முடிந்தது. தாழ்வான உயரமும் கம்பியின் உறையும் ஒத்திசைவை (ஆன்டெனா பொருந்தி வேலை செய்யும் அலைவரிசையை) கீழே இழுக்கும். அதனால் முதல் அளவீட்டில் 6.7 அல்லது 6.8 மெகாஹெர்ட்ஸில் உட்கார்ந்திருந்தால் பதற வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர் குறைத்தால் ஏறக்குறைய 70 கிலோஹெர்ட்ஸ் மேலே ஏறும். வெட்டாதீர்கள், நுனியை மடித்துத் தன்மேலேயே முறுக்கிவிடுங்கள். நாளை ஈரமண்ணில் வேறு உயரத்தில் கட்டும்போது அந்த நீளம் திரும்பத் தேவைப்படும். எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா ரேடியோவோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.5-க்குள் வந்தால் மேற்கொண்டு நோண்ட வேண்டாம். 3-ஐத் தாண்டினால் ரேடியோ தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும்.

முனைகளில் மின்னழுத்தம் அதிகம், ஆள் கைக்கு எட்டாமல் இரண்டரை மீட்டருக்கு மேல் வையுங்கள். மின்கம்பிக்குப் பக்கத்தில் எங்கேயும் கட்டாதீர்கள். "கரண்ட் இல்லையே" என்ற நம்பிக்கை பேரிடரில் ஆளைக் கொல்லும். யாரோ ஒருவர் வீட்டில் ஜெனரேட்டரைத் தப்பாக மாட்டியிருந்தால் செத்துக் கிடக்கும் கம்பிக்கு உயிர் வந்துவிடும்.

வண்டியில் செங்குத்தாக நிற்கும் நீளக் கம்பி இந்த வேலைக்கு லாயக்கில்லை. அது அடிவானத்தைப் பார்த்து அனுப்புகிறது. வண்டியை நிறுத்திவிட்டு அதை வளைத்துக் கட்டினால் ஓரளவு தேறும்.

அலைவரிசையை நேரத்துக்கேற்ப மாற்ற வேண்டும். பகலில் 7 மெகாஹெர்ட்ஸ், இருட்டிய பிறகு 3.6-ஐ ஒட்டி. நேராக மேலே போகும் அலையைத் திருப்பி அனுப்ப அயனி மண்டலத்துக்கு ஓர் உச்ச அலைவரிசை உண்டு. சூரியன் போனபின் அது சரிந்துகொண்டே வந்து விடியலுக்குச் சற்று முன் அடிமட்டத்தைத் தொடும். அது 7-க்குக் கீழே இறங்கியதும் பக்கத்து நிலையங்கள் ஒவ்வொன்றாக மங்கி, தொலைவு நிலையங்கள் உரக்கக் கேட்கத் தொடங்கும். ரேடியோ பழுதாகிவிட்டது என்று பலர் நினைப்பது இந்த நேரத்தில்தான். நெட் (ஒருவர் நடத்த, பலர் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் ஏற்பாடு) தொடங்கும்போதே "19:00 மணிக்கு 3.6-க்கு மாறுகிறோம்" என்று அறிவித்துவிட்டால் யாரும் தொலைய மாட்டார்கள். 1965 முதல் அட்லாண்டிக் சூறாவளிகளைக் கவனித்துவரும் ஹரிகேன் வாட்ச் நெட்டும் இப்படித்தான்: பகலில் 14.325 மெகாஹெர்ட்ஸ், இரவில் 7.268. உலகம் முழுக்கப் பொதுவான அவசரக்கால மைய அலைவரிசைகளாக 14.300, 18.160, 21.360 மெகாஹெர்ட்ஸ் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பேரிடர் நடக்கும் நாட்களில் அவற்றுக்கு அருகே வேறு பேச்சு வேண்டாம்.

சிற்றலையும் கைவிடும் நாள் உண்டு. 2017 செப்டம்பர் 6-ல் இர்மா சூறாவளி கரீபியன் தீவுகளைத் தாக்கிக்கொண்டிருந்த அதே நாளில் சூரியனில் எக்ஸ் 9.3 அளவு வெடிப்பு ஒன்று நடந்தது. பூமியின் பகல் பக்கத்தில் சிற்றலைத் தொடர்பு மணிக்கணக்கில் அமுங்கிப்போனது. இப்படி நடந்தால் தாழ்ந்த அலைவரிசைகள் முதலில் மூழ்கும், கடைசியில் எழும். பொறுத்திருந்து மேல் அலைவரிசைகளைத் தடவிப் பார்க்க வேண்டும். ஹேண்டி பயன்படுத்தும் 144 மெகாஹெர்ட்ஸ் போன்ற விஎச்எஃப் அலைகளில் உள்ளூர்த் தொடர்பு பாதிக்கப்படாது.

மின்சாரத்துக்கு வருவோம். 100 வாட் சிற்றலை ரேடியோ சும்மா கேட்கும்போது 1.2 ஆம்பியர் இழுக்கும். பேசும்போது உச்சத்தில் 20 ஆம்பியரைத் தொட்டாலும், எஸ்எஸ்பி (சிற்றலையில் குரலை அனுப்பும் வழக்கமான முறை) பேச்சில் சராசரி 9 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பேசினால் மணிக்கு 2.8 ஆம்பியர்-மணி, ஒரு நாளைக்கு 66. ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் உறிஞ்சினால் அதன் ஆயுள் போய்விடும், ஆகவே 130 ஆம்பியர்-மணி பேட்டரி வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 80 போதும், தூக்கிச் செல்லவும் இலகு. சக்தியை 25 வாட்டுக்குக் குறைத்தால் எதிர்முனையில் குறைவது 6 டெசிபெல், ரேடியோவில் சிக்னல் வலுவைக் காட்டும் மீட்டரில் ஒரே ஒரு எஸ் அளவு. பேட்டரிக்கோ நாளில் 20 ஆம்பியர்-மணி அளவுக்கு மிச்சம். நல்ல தொடர்பு கிடைத்த பிறகும் 100 வாட்டிலேயே உறுமிக்கொண்டிருப்பது வீண் செலவு. நெட்டை நடத்துபவர் ஐந்தில் ஒரு பங்கைவிட அதிகம் பேசுவார், அவருக்குக் கணக்கை இரட்டிப்பாக்குங்கள்.

அடிக்கடி நடக்கும் ஒரு கோளாறு: ரேடியோ நன்றாகக் கேட்கிறது, பேச வாயைத் திறந்ததும் அணைந்து மறுபடி உயிர்பெறுகிறது. ரேடியோவைக் கழற்ற வேண்டாம். பல ரேடியோக்களுக்கு 13.8 வோல்ட்டில் 15 சதவீதம் வரை கூடக்குறைய இருக்கலாம், 11.7-க்குக் கீழே போனால் அவை நின்றுவிடும். பேட்டரி 12.4 வோல்ட் காட்டுகிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை 3 மீட்டர் இழுத்திருக்கிறீர்கள். போக வர 6 மீட்டர். 20 ஆம்பியர் பாயும்போது அந்தக் கம்பியே 0.9 வோல்ட்டைச் சாப்பிட்டுவிடும், ரேடியோவின் வாசலில் 11.5 தான் மிச்சம். 6 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு 0.4-க்குள் அடங்கும். மல்டிமீட்டரைப் பேட்டரி முனையில் வைத்துப் பார்த்தால் இது பிடிபடாது. ரேடியோவுக்குள் நுழையும் இடத்தில் வைத்து, பேசிக்கொண்டே பார்க்க வேண்டும். ஃபியூஸைப் பேட்டரிப் பக்கத்தில் போடுங்கள், ரேடியோ பக்கத்தில் போட்டால் நடுவே கம்பி நசுங்கும்போது அது காப்பாற்றாது.

100 வாட் சோலார் பலகை நல்ல வெயிலில் நாளைக்கு 400 வாட்-மணி வரை தரலாம். புயலுக்கு மறுநாள் வானம் மூடியிருக்கும், அதில் நாலில் ஒரு பங்கு கிடைத்தால் அதிர்ஷ்டம். இன்னொரு வேடிக்கை: ஊர் முழுக்க மின்சாரம் போனதும் சிற்றலையில் இரைச்சல் அடங்கி, எப்போதும் கேட்காத மெல்லிய குரலெல்லாம் கேட்கும். அந்த அமைதியைக் கெடுப்பது பெரும்பாலும் நம்முடைய மலிவான சோலார் சார்ஜ் கன்ட்ரோலர்தான். இரைச்சல் வந்தால் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். ஹேண்டிக்கு 1,800 மில்லியாம்பியர்-மணி பேட்டரி இருந்தால் 5 வாட்டில் விடாமல் பேச ஒரு மணி நேரச் சொச்சம்தான் வரும். 1 வாட்டுக்கு இறக்கி, மணிக்கு ஒருமுறை முதல் ஐந்து நிமிடம் மட்டும் ஆன் செய்து கேட்பது என்று குழுவுக்குள் பேசி வைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாள் ஓட்டலாம்.

மூன்றாவது, செய்தியைக் கைமாற்றும் பழக்கம்தான் எல்லாவற்றிலும் கடினம். நெட் என்றால் ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் அவர் கூப்பிட்டால் பேசுவார்கள். ஹேண்டிகள் பயன்படுத்தும் எஃப்எம் முறையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவானவர் குரல் மட்டும் கேட்கும். பலவீனமானவர் பேசியது யாருக்கும் தெரியவே தெரியாது. அந்தப் பலவீனமானவர்தான் பெரும்பாலும் வெள்ளத்துக்கு நடுவே நிற்பவர். அதனால் ஒவ்வொரு முறையும் பேச்சுக்கு நடுவே இரண்டு மூன்று வினாடி விடுங்கள், அவசரச் செய்தி உள்ளே நுழைய இடம் வேண்டும். ஆட்கள் ஷிஃப்ட் மாறினாலும் குழம்பாமல் இருக்க "பள்ளி முகாம்", "மருத்துவமனை" என்று இடத்தின் பெயரால் கூப்பிடுவது நல்லது. உரிமத்தோடு கிடைக்கும் அழைப்புக் குறியையும் விதிப்படி சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லிவிடுங்கள்.

செய்தியை எழுதாமல் வாயால் சொல்லக் கூடாது. ஒரு மாதிரி:

எண் 14. முன்னுரிமை: அவசரம். தொடங்கிய நிலையம்: பள்ளி முகாம். சொற்கள் 15. நேரம் 16:40. பெறுபவர்: நிவாரணக் கட்டுப்பாட்டு அறை. "முகாமில் 230 பேர். குடிநீர் நாளை காலை வரை மட்டும். இன்சுலின் தேவை 6 பேருக்கு. வடக்குச் சாலை திறந்துள்ளது." கையொப்பம்: முகாம் பொறுப்பாளர்.

சொற்கள் 15 என்பது அலங்காரத்துக்கு அல்ல. வாங்கி எழுதியவர் எண்ணிப் பார்க்கிறார், 14 தான் இருக்கிறது. முழுச் செய்தியையும் திரும்பக் கேட்காமல், "குடிநீர் என்பதற்குப் பிறகு 'மட்டும்' வரை திரும்பச் சொல்லுங்கள்" என்று கேட்கிறார். விட்டுப்போன சொல் "காலை" என்று தெரிகிறது. நாளை காலை வரை என்பதற்கும் நாளை வரை என்பதற்கும் நடுவே அரை நாள் தண்ணீர் இருக்கிறது. எண்களை எப்போதும் இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள்: "இரண்டு, மூன்று, பூஜ்ஜியம்". இரைச்சலில் எழுபதும் எண்பதும் ஒன்றுபோலவே கேட்கும். ஒன்பதுக்கும் ஐம்பதுக்கும் அதே தொல்லை. பெயர்களையும் மருந்துகளையும் எழுத்தெழுத்தாக, ஏ-க்கு ஆல்ஃபா, பி-க்கு பிராவோ, சி-க்கு சார்லி என்ற முறையில் சொல்லுங்கள். நடுவில் இருந்து கடத்துபவர் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. "இன்சுலின் தேவை 6 பேருக்கு" என்பது நல்லெண்ணத்தோடு "6 நோயாளிகள் ஆபத்தில்" என்று மாறி, தேவையில்லாமல் ஒரு ஆம்புலன்ஸ் கிளம்பிப் போவது இப்படித்தான். எழுத பென்சில் வையுங்கள், மழையில் மை கரையும்.

ஹாம் அலைவரிசையில் ரகசியக் குறியீடு அனுமதி இல்லை. பேசுவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். இறந்தவர்களின் பெயரைக் குரலில் சொல்லாதீர்கள். நீண்ட பெயர்ப் பட்டியல் போன்றவற்றுக்கு வானொலி வழியே மின்னஞ்சல் அனுப்பும் வின்லிங்க் அமைப்பு பொருத்தம். பாதிக்கப்படாத பகுதியில் உள்ள நுழைவாயில் நிலையத்தைச் சிற்றலையில் பிடித்து மின்னஞ்சலாக அனுப்பிவிடும். இணைப்புக் கோப்புகள் சில கிலோபைட்டைத் தாண்ட வேண்டாம். 2017-ல் மரியா சூறாவளிக்குப் பின் செஞ்சிலுவைச் சங்கம் கேட்டுக்கொண்டதன்பேரில் அமெரிக்க ஹாம் அமைப்பான ஏஆர்ஆர்எல் 22 தன்னார்வலர்களைப் போர்ட்டோ ரிக்கோவுக்கு அனுப்பியது. நலமாக இருப்பவர்களின் தகவலை வெளியே கொண்டுபோவது அவர்களுடைய வேலைகளில் ஒன்று. குரலில் செய்தால் நாள் கணக்காகும் வேலை இது. கணினி வழியே குறுஞ்செய்தி அனுப்பும் முறைகளில் எஃப்டி8 இதற்கு உதவாது, ஒரு செய்தியில் 13 எழுத்துதான் கொள்ளும். ஜேஎஸ்8 தேறும், ஆனால் கணினிக் கடிகாரம் இரண்டு வினாடிக்குள் சரியாக இருக்க வேண்டும்; இணையம் இல்லாதபோது ஜிபிஎஸ்ஸிலிருந்து நேரத்தை எடுக்கும் வழியை முன்பே பழகிக்கொள்ளுங்கள்.

கேட்காமல் களத்துக்குப் போய் நிற்காதீர்கள். நிவாரணத்தை நடத்தும் அமைப்போடு முன்பே பேசி, யார் யாரிடம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். தானாக வந்து நிற்கும் ஹாம் அவர்களுக்கு உணவும் இடமும் தேட வேண்டிய இன்னொரு ஆள்.

தயாராக இருக்கிறோமா என்று பார்க்க ஒரு வழி: ஒரு சனிக்கிழமை மாலை மெயின் சுவிட்சை அணையுங்கள், இணையத்தையும் தொடாதீர்கள். பையில் இருப்பதை மட்டும் வைத்து, இருட்டில் டைபோலைக் கட்டி, 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒருவருக்கு மேலே உள்ளது போன்ற 15 சொல் செய்தி ஒன்றை அனுப்பி, அவர் எழுதியதை மறுநாள் வாங்கி ஒப்பிடுங்கள். முதல்முறை பெரும்பாலும் தடுக்குவது சில்லறை விஷயங்களில்தான்: ஹேண்டியின் எஸ்எம்ஏ எனும் சிறிய ஆன்டெனா முனைக்கும் கேபிளின் பெரிய முனைக்கும் நடுவே மாட்டும் இணைப்பி இருக்காது, மாற்று ஃபியூஸ் வேறு அளவில் இருக்கும், நெற்றி விளக்கின் பேட்டரி தீர்ந்திருக்கும், புரோகிராமிங் கேபிள் வீட்டுக் கணினியோடு இருக்கும். திரும்பி வந்து அவற்றை அன்றே பையில் போட்டுவிடுங்கள்.